பழுப்புக் குருவியின் கால் என்ன நிறம்? திருகோணமலையில் ஈப்பிடிப்பான்களை இனங்காணல்

செப்டெம்பர் கடைசியிலிருந்து ஏப்பிரல் வரை திருகோணமலையின் காட்டோரங்களிலும் வளவுகளிலும் ஒரு சிறு பழுப்புக் குருவியைக் காணலாம். அடைக்கலக் குருவியை விடச் சற்றுச் சிறியது. கிளையில் நிமிர்ந்து குந்தியிருக்கும். சட்டென்று பறந்து காற்றிலேயே ஒரு பூச்சியைக் கவ்வும். பெரும்பாலும் குந்தியிருந்த கிளைக்கே திரும்பிவரும். அது ஈப்பிடிப்பான் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. எந்த ஈப்பிடிப்பான் என்று எழுதும்போதுதான் பிழைகள் நுழைகின்றன.

பெரும்பாலான பிழைகளுக்கு வேர் ஒன்றே: எல்லோரும் நிறத்தில் தொடங்குகிறார்கள். உலர்வலயக் காட்டு வெளிச்சத்தில் நிறம் ஓரிடத்தில் நிற்காது. செம்மண் பாதைக்கு மேலே தாழ்ந்த கிளையில் குந்தும் வெண்வயிற்றுக் குருவிக்கு மண்ணிலிருந்து எழும் வெளிச்சம் செம்பழுப்புச் சாயம் பூசிவிடும். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ வெண்மணலுக்கு மேலே குந்தினால் அதே குருவியின் மார்பு பளிச்சென்று வெளுத்துத் தெரியும். வீரை மரத்தின் அடர்ந்த இலைக்கூட்டத்துக்குள் இருந்தால் பச்சை படர்ந்துவிடும். ஆகவே பார்க்கும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் மாதம், பிறகு குந்தியிருக்கும் உயரம், அதன்பின் கால், கீழலகு, முகம், வால். மார்பின் நிறம் கடைசியில் வரட்டும்.

இங்கே இருக்கக்கூடியவை எவை

இலங்கையில் ஈப்பிடிப்பான் என்று சொல்லப்படும் பறவைகள் எல்லாம் திருகோணமலைக்கு வருவதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். இலங்கைக்கே உரிய மங்கல்நீல ஈப்பிடிப்பான் மலைநாட்டுக் குருவி. காஷ்மீரில் இனப்பெருக்கம் செய்து குளிர்காலத்தை இங்கே கழிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் மலைநாட்டையே நாடும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் அதைத் தேடியே ஆட்கள் போகிறார்கள். அங்கே எடுத்த படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் கீழ்நாட்டில் சிவந்த மார்பைக் கண்டவுடன் அந்தப் பெயரை எழுதிவிடுகிறார்கள். கடல்மட்டத்தோடு கிடக்கும் கரையோரத்தில் செம்மஞ்சள் மார்பு தெரிந்தால் முதலில் நினைக்க வேண்டியது டிக்கெல் நீல ஈப்பிடிப்பானை.

அப்படிக் கழித்தால் மிஞ்சுபவை இவை. குளிர்கால வருகையாளர்களான பழுப்பு ஈப்பிடிப்பானும் பழுப்புமார்பு ஈப்பிடிப்பானும். ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். அரிதாக வரும் நீலத்தொண்டை ஈப்பிடிப்பான். இவற்றோடு, பெயரால் உறவு கொண்டாலும் வேறு குடும்பங்களைச் சேர்ந்த அரசவால் ஈப்பிடிப்பான், கரும்பிடரி ஈப்பிடிப்பான், விசிறிவால் ஆகியவை.

குடும்ப வேறுபாட்டைச் சொல்வதற்குக் களத்தில் ஒரு பயன் உண்டு. முதல் நான்கின் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளிவரும்போது உடம்பெல்லாம் புள்ளி போட்டிருக்கும். அரசவாலின் குஞ்சும் கரும்பிடரியின் குஞ்சும் அப்படிப் புள்ளி போடுவதில்லை. மே, ஜூன் மாதங்களில் வெளிறிய புள்ளிகளோடு ஒரு பழுப்புக் குஞ்சு, சிறகிலும் வாலிலும் நீலச் சாயலோடு நின்றால் அது டிக்கெல். அந்த மாதங்களில் வருகையாளர்கள் வடக்கே போய்விட்டிருக்கும். பழுப்பு ஈப்பிடிப்பான் சைபீரியாவின் கிழக்கிலிருந்து யப்பான் வரையும் இமயமலைச் சாரலிலும், பழுப்புமார்பு ஈப்பிடிப்பான் வடகிழக்கு இந்தியா, தென்சீனா, பர்மா, வடதாய்லாந்துப் பக்கங்களிலும் கூடுகட்டிக்கொண்டிருக்கும். கச்சான் காற்று வீசும் காலத்தில் பழுப்பு ஈப்பிடிப்பான் என்று எழுதப் போகிறவர் ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்.

இரண்டு பழுப்புகள்

முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. இரண்டும் 13 சென்ரிமீற்றர் அளவானவை. பழுப்புமார்பு ஒரு நூல் பெரிதாக இருக்கலாம். களத்தில் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் பெரிய கரிய கண். இரண்டுக்கும் வெளிறிய கண்வளையம். அலகுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பகுதியும் இரண்டிலும் வெளிறியே இருக்கும். புதிதாகப் பழகுபவரின் கண் முதலில் விழுவது கண்வளையத்தில்தான். "வளையம் தெளிவாகத் தெரிந்தது, ஆகவே பழுப்புமார்பு" என்று எழுதுவார்கள். வளையம் இரண்டுக்கும் பொது. அது ஒன்றையும் பிரித்துத் தராது.

பிரித்துத் தருவது கால். பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கறுப்புக் கால். பழுப்புமார்பு ஈப்பிடிப்பானுக்கு வெளிறிய கால், தோல் நிறமும் மஞ்சளும் கலந்தாற்போல். வேறுபாடு சின்னதல்ல. நல்ல வெளிச்சத்தில் பத்து மீற்றர் தூரத்திலிருந்தே தெரியும். காலைக் காண்பதுதான் கடினம். ஈப்பிடிப்பான்களின் கால் குட்டையானது. குந்தியிருக்கும்போது வயிற்று இறகுகள் சரிந்து அதை மூடிவிடும். விரல்கள் மட்டும் கிளையைச் சுற்றித் தெரியும், அதுவும் கிளையின் நிழலில். அப்போது எந்தக் காலும் கறுப்பாகத்தான் தெரியும். குருவி அலகால் இறகு கோதும்போது, தலையைச் சொறியக் காலைத் தூக்கும்போது, பூச்சியைக் கவ்வித் திரும்பிக் கிளையில் இறங்கும் நொடியில், கால் முழுதாக வெளியே வரும். அந்த நொடிக்காகக் காத்திருக்கலாம். இந்தக் குருவிகள் ஓடித்திரிபவை அல்ல; ஒரே கிளையில் சில நிமிடங்கள் இருக்கும். தொலைநோக்கிக் கண்ணாடியை முகத்திலேயே வைத்துக்கொண்டு, வயிற்றுக்குக் கீழே மட்டும் பார்த்துக்கொண்டு நின்றால் போதும்.

கறுப்புக் காலும் ஏமாற்றக்கூடும். வெயில் நேரே விழுந்தால் காலின் வழவழப்பான முன்பக்கம் வெள்ளி போல மின்னி வெளிறியதாகத் தோன்றும். மின்னுவதா நிறமா என்று அறிய, குருவி திரும்பும்வரை பொறுத்திருந்து மறுபக்கத்திலும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வெளிறினால்தான் வெளிறிய கால்.

அடுத்தது கீழலகு. பழுப்புமார்பில் கீழலகு அடியிலிருந்து நுனிவரை வெளிறிய மஞ்சள். பழுப்பு ஈப்பிடிப்பானில் அடிப்பகுதி மட்டும் வெளிறியிருக்கும், நுனிப்பக்கம் கருத்துவிடும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஈப்பிடிப்பான் அலகு அடியில் அகன்றது. உயரத்தில் குந்தியிருக்கும் குருவியை நேர் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் அகன்ற, வெளிறிய அடிப்பகுதியே கண்ணை நிரப்பும். ஒடுங்கிய கரிய நுனி வானத்தின் வெளிச்சத்தில் கரைந்துபோகும். கீழலகைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். மரத்தை விட்டுப் பத்துப் பதினைந்து அடி பின்னுக்கு வந்தாலே கோணம் மாறிவிடும். குருவியை நெருங்கிப் போவதை விடப் பின்வாங்குவது பலமுறை கூடுதல் விவரம் தரும்.

காலும் கீழலகும் கிடைத்துவிட்டால் இனம் முடிவாகிவிட்டது. மற்றவை உறுதிப்படுத்தத்தான். பழுப்புமார்பில் வெள்ளைத் தொண்டையின் இரு ஓரத்திலும் மெல்லிய பழுப்புத் தாடைக்கோடு இறங்கும். அதனால் தொண்டை தனியாக வெட்டி எடுத்ததுபோல் தெரியும். சிறகுப் போர்வை இறகுகளின் ஓரமும் வாலின் ஓரமும் செம்பழுப்புச் சாயல் கொண்டவை. பழுப்பு ஈப்பிடிப்பானின் முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வால் குட்டை, மார்பில் தெளிவில்லாத சாம்பல் படலம். சாய்ந்த வெயிலில் நின்றால் அந்தச் சாம்பல் படலம்கூட நல்ல பழுப்பாகிவிடும். பெயரில் மார்பு இருப்பதால் எல்லோரும் மார்பையே பார்க்கிறார்கள். அது இந்தப் பெயரால் வந்த கேடு.

இளம் குருவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒக்டோபரில் வந்திறங்கும் பழுப்பு ஈப்பிடிப்பான்களில் அந்த ஆண்டில் பிறந்தவையும் இருக்கும். அவற்றின் சிறகுப் போர்வை இறகுகளின் நுனி வெளிறியிருப்பதால் சிறகின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று தெரியும். சிறகின் உள்ளோர இறகுகளும் வெளிறிய கரை போட்டிருக்கும். இதைக் கண்டு, "சிறகில் ஓரம் தெரிகிறது, பழுப்புமார்புதான்" என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. வேறு சிலர் இன்னும் அரிதான இனம் ஒன்றைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கரைகள் தேய்ந்துபோகும். மார்ச் மாதத்தில் அதே குருவி ஒரு கோடும் இல்லாமல் மங்கிச் சாம்பலாகிவிடும். ஒக்டோபரில் எடுத்த படத்தையும் மார்ச்சில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு இனங்கள் என்றே தோன்றும். காலைப் பாருங்கள், இரண்டிலும் கறுப்பு.

வாழும் இடமும் பேசும். பழுப்பு ஈப்பிடிப்பான் திறந்த இடத்தை விரும்பும்: காட்டோரத்துப் பட்டுப்போன கிளை, வளவுக்குள் நிற்கும் புளி, வேம்பு, கோயில் வீதி ஆலமரம். நாலு மீற்றருக்கு மேலே, நன்றாகத் தெரியும்படி குந்தும். இறங்கியவுடன் வாலைச் சற்றே நடுக்கும். பழுப்புமார்பு நிழலின் குருவி. மருத மரங்கள் நிற்கும் அருவிக் கரை, பாலையும் வீரையும் அடர்ந்த காட்டின் அடித்தளம், ஈரமான பள்ளம் என்று இருட்டான இடத்தில், பெரும்பாலும் ஓர் ஆள் உயரத்துக்குள் இருக்கும். அசையாது, சத்தமும் குறைவு. காலை வெளுக்கும் வேளையிலும் மம்மல் பொழுதிலும்தான் கூடுதலாக இயங்கும். ஆனால் உயரத்தை மட்டும் வைத்துப் பெயர் எழுதக் கூடாது. மாரியில் இரண்டு நாள் விடாமல் மழை அடித்து ஓய்ந்த காலையில் பூச்சிகள் நிலத்தோடு கிடக்கும். அப்போது பழுப்பு ஈப்பிடிப்பானும் கீழே இறங்கிவிடும்.

பழுப்புமார்பு ஈப்பிடிப்பான் இலங்கைத் தமிழருக்கு ஒருவகையில் சொந்தக்காரக் குருவி. 1854இல் இதை விவரித்துப் பெயரிட்ட பறவை ஆய்வாளர் எட்கார் லேயார்ட், தன்னிடம் வேலைசெய்த முத்து என்பவரின் பெயரையே இதன் அறிவியல் பெயரில் வைத்தார்: மஸ்சிகாபா முத்துயி. அவருக்கு அரிய பறவைகள் பலவற்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவர் முத்து. பறவைகளின் அறிவியல் பெயர்களில் ஆளுநர்களும் படை அதிகாரிகளும் நிறைய இருக்கிறார்கள். ஒரு வேலையாளின் பெயர் இருப்பது அபூர்வம். இந்தக் குருவியைக் கறுப்புக்கால் குருவியோடு குழப்பாமல் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும்.

நீலங்களும் தொண்டையும்

டிக்கெல் ஆணில் முதுகு நீலம், தொண்டையும் மார்பும் செம்மஞ்சள், வயிறு வெள்ளை. செம்மஞ்சள் தாடைக்குக் கீழேயே தொடங்கிவிடும். நீலத்தொண்டை ஆணில் தொண்டையும் நீலம். செம்மஞ்சள் மார்பில்தான் தொடங்கும். சிலவற்றில் செம்மஞ்சள் ஓர் ஆப்பு வடிவில் தொண்டைக்குள் ஏறும். புத்தகப் படத்தில் இது மிக எளிது.

காட்டில், டிக்கெல் தலையைக் குனிந்தால் அலகின் நிழல் தொண்டையில் விழும். போதாததற்கு டிக்கெல் ஆணுக்கு அலகடியில் ஒரு சிறு கரிய கீற்றும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் தொண்டை முழுதும் கருநீலமாகத் தோன்றும். அரிய பறவையைக் கண்ட உற்சாகத்தில் இது இன்னும் நீலமாகிவிடும். ஆகவே நீலத்தொண்டை என்று எழுத வேண்டுமானால், குருவி தலையை நிமிர்த்தி, முகத்தை நம் பக்கம் திருப்பி, தொண்டையில் வெளிச்சம் விழும் நிலையில் பார்த்திருக்க வேண்டும். அதுவும் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய பிறகு மறுபடியும். பக்கவாட்டுப் பார்வை மட்டும் கிடைத்தால் டிக்கெல் என்றுகூட எழுத வேண்டியதில்லை. நீல ஈப்பிடிப்பான் என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகலாம்.

பெண்களில் பார்க்க வேண்டியது வால். டிக்கெல் பெண் மங்கலான சாம்பல் நீலம். வாலிலும் நீலம் இருக்கும். நீலத்தொண்டைப் பெண்ணின் முதுகு பழுப்பு, வால் செம்பழுப்பு, தொண்டையும் மார்பும் வெளிறிய செம்மஞ்சள். நீலம் எங்கும் இல்லை. பழுப்பு முதுகோடு சிவந்த வாலும் மஞ்சள் தோய்ந்த மார்பும் கொண்ட ஒரு குருவி நிழலில் குந்தியிருந்தால், பழுப்புமார்பு என்று அவசரப்படாமல் இந்தப் பெண்ணையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தொண்டையும் தாடைக்கோடும் இருந்தால் பழுப்புமார்பு. தொண்டையிலேயே மஞ்சள் தோய்ந்திருந்தால் நீலத்தொண்டைப் பெண்.

குரல் இங்கே பெரிய துணை. டிக்கெல் ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பதால் பாடும். ஆறு முதல் பத்துச் சுரம் கொண்ட சின்னப் பாட்டு. மணி போன்ற ஒலி, இறங்கி மீண்டும் ஏறும். சிறிது நேரம் விட்டு அதையே திரும்பப் பாடும். எச்சரிக்கும்போது "டிக், டிக்" என்று சொடுக்கி வாலையும் வெட்டும். பொழுதுபட்ட பிறகும் இரை தேடுவதால் மற்றக் குருவிகள் அடங்கிய நேரத்தில் இந்தச் சொடுக்கொலி தனித்துக் கேட்கும். இந்தப் பாட்டைக் கைபேசியில் போட்டு ஆணை வரவழைப்பவர்கள் அதிகரித்துவிட்டார்கள். கூடுகட்டும் மாதங்களில் அந்த ஆண் தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணிக் கூட்டை விட்டு ஓடிவரும். அந்த நேரத்தில் குஞ்சுக்குப் போக வேண்டிய இரை போகாது. தொண்டையின் நிறத்தைக் காண அது தரக்கூடாத விலை. காத்திருந்தால் தானாகவே பாடும்.

கரும்பிடரி ஈப்பிடிப்பானைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. உடம்பில் எங்கும் செம்மஞ்சள் இல்லை, வால் நீளம், ஒரு நொடியும் சும்மா இராது, மற்றக் குருவிகளோடு கூட்டமாகச் சேர்ந்து அலையும். ஒரே ஓர் எச்சரிக்கை. இந்தியப் படங்களில் ஆணின் தொண்டைக்குக் கீழே மெல்லிய கரிய மாலை ஒன்று இருக்கும். அதைத் தேடிக் காணாமல் இது வேறு இனம் என்று எண்ண வேண்டாம். இலங்கைத் துணையினத்தின் ஆணில் அந்த மாலை தெரியாது. பெண்ணுக்குத் தலை நீலம், முதுகு சாம்பல் பழுப்பு.

வெள்ளை வால், செவ்வால்

அரசவால் ஈப்பிடிப்பானைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஆனாலும் அதிலிருந்து கிடைக்கக்கூடிய தகவலைப் பெரும்பாலானவர்கள் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். இலங்கையில் இரண்டு துணையினங்கள் உண்டு. ஒன்று இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்வது. அதன் ஆண் வாழ்நாள் முழுவதும் செம்பழுப்பாகவே இருக்கும். மற்றது குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து வருவது. அதன் முதிர்ந்த ஆண் வெள்ளையாகும். ஆகவே வெண்ணிற நீள்வால் ஆண் ஒன்றைக் கண்டால் அது வந்த குருவி, ஐயமில்லை. செந்நிற நீள்வால் ஆண் ஒன்றை ஜனவரியில் கண்டால் சொல்ல முடியாது. வருகையாளரின் ஆண்களிலும் வெள்ளையாகாத செந்நிறத்தவை உண்டு. அதே செவ்வாலை ஜூலையில் கண்டால் உள்ளூர்க் குருவி.

நீள் வால் இல்லாதவற்றில் பெண்ணும் இளம் ஆணும் ஒன்றுபோலத் தெரியும். தொண்டையைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்குச் சாம்பல் தொண்டை. இளம் ஆணுக்குத் தொண்டை கறுக்கத் தொடங்கியிருக்கும். கண்ணைச் சுற்றிய நீல வளையமும் எடுப்பாக இருக்கும். நீள் வால் முளைக்க இரண்டு மூன்று ஆண்டு செல்லும்.

விசிறிவாலைப் பிழையாக எழுத வழியே இல்லை. அகன்ற வெண்புருவம், விரித்து விரித்து மூடும் வால்.

ஈப்பிடிப்பான் போல நடிப்பவை

காற்றில் பாய்ந்து பூச்சி பிடிப்பது ஈப்பிடிப்பானுக்கு மட்டும் உரிய தொழில் அல்ல. உலர்வலயக் காடுகளில் பரவலாக இருக்கும் இலங்கைக் காட்டுக்கீச்சான் தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் பழுப்பு ஈப்பிடிப்பானாகத் தெரியும். அதற்குத் தடித்த, நுனி வளைந்த அலகு. கண்ணுக்கு மேலே வெளிறிய புருவம், கண்ணின் பின்னே இருண்ட பட்டை. பழுப்பு ஈப்பிடிப்பானுக்குப் புருவம் கிடையாது, வெறும் முகமும் பெரிய கண்ணும்தான். கருஞ்சிட்டின் பெண் பழுப்பாக இருந்தாலும் நிலத்தில் ஓடித் திரியும், வாலைத் தூக்கிப் பிடிக்கும், வாலடி செம்பழுப்பு. காட்டின் அடியில் வெளிறிய காலோடு ஒரு பழுப்புக் குருவி கண்ணில் பட்டு, அந்தக் கால் மிக நீளமாக, இளஞ்சிவப்பாக இருந்து, குருவி இலைச் சருகில் நின்றால், குளிர்கால விருந்தாளியான இந்திய நீலச்சிட்டின் பெண்ணாக இருக்கலாம். பழுப்புமார்பு ஈப்பிடிப்பான் நிலத்தில் நடமாடுவதில்லை. தாழ்ந்த கொம்பில் குந்தும்.

எங்கே, எப்போது, எதைக்கொண்டு

நகருக்குள்ளேயே தொடங்கலாம். பிரட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் ஆலயத்துக்கு ஏறும் பாதையில் நிற்கும் பழைய ஆலமரங்களும், மான்கள் மேயும் நிழலும், பழுப்பு ஈப்பிடிப்பானைத் தேட ஏற்றவை. அங்கே இராணுவ முகாம் இருப்பதால் கண்ணாடியையும் கமராவையும் மரத்தை நோக்கி மட்டும் பிடிக்க வேண்டும். கட்டடங்கள், கடற்படைத் துறைப் பக்கம் திருப்பக் கூடாது. காவலில் நிற்பவரிடம் முதலே சொல்லிவிடுவது நல்லது. கன்னியா வெந்நீரூற்றைச் சுற்றிய காடு, பெரியகுளத்துப் பக்கம், திரியாய் மலைச்சாரல், கந்தளாய்க் குளக்கட்டின் கீழ்ப்புறம், மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் பக்கத்து ஆற்றங்கரைகள் ஆகியவை நிழல் விரும்பும் இனங்களுக்கு ஏற்றவை. கந்தளாய், மொறவெவப் பக்கங்களில் விடியற்புறம் தனியாகக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. யானை அந்த நேரத்தில்தான் வயலிலிருந்து காட்டுக்குத் திரும்பும். குளக்கட்டிலும் வீதியோரத்திலும் நின்று பார்த்தாலே போதுமானது கிடைக்கும்.

ஜனவரியில் இங்கே சூரியன் ஆறேகால் தாண்டி எழும். திறந்த மரங்களுக்கு ஆறேமுக்காலிலிருந்து ஒன்பது மணிவரை நல்ல வெளிச்சம். அடர்ந்த நிழலில் அந்த நேரத்தின் முற்பகுதி பயன்படாது: குருவி இயங்கும், காலின் நிறம் தெரியாது. எட்டிலிருந்து ஒன்பதரை வரை, வெயில் இலைகளுக்குள் நுழையத் தொடங்கும் நேரமே பழுப்புமார்பின் காலைக் காண ஏற்றது.

தொலைநோக்கியில் எழுதியிருக்கும் இரண்டு எண்களில் இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 8x42 என்றால் 5.25 மில்லிமீற்றர்; 10x25 என்றால் 2.5 மில்லிமீற்றர். கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. நிழலில் நம் கண்மணி நாலைந்து மில்லிமீற்றருக்கு விரிந்திருக்கும். சட்டைப் பைக்குள் அடங்கும் 10x25 கண்ணாடி கடற்கரையில் அருமையாக இருக்கும். கன்னியாக் காட்டு நிழலில் எல்லாக் காலையும் கறுப்பாக்கிவிடும். உருப்பெருக்கம் கூடினால் விவரம் கூடும் என்று எண்ணிப் பன்னிரண்டு மடங்குக் கண்ணாடி வாங்குகிறவர்கள் கை நடுக்கத்திலேயே விவரத்தை இழக்கிறார்கள். இந்த வேலைக்கு எட்டு மடங்கு போதும்.

கமராவும் நிறத்தைப் பொய்யாக்கும். வெளுத்த வானத்தை முதுகில் வைத்துக் குந்தியிருக்கும் குருவியைக் கமரா இருட்டாக்கும். ஒளியளவை ஒன்று முதல் ஒன்றரைப் படி கூட்டி எடுக்க வேண்டும். இருண்ட புதருக்கு முன்னால் இருக்கும் குருவியை அதே கமரா வெளுத்துவிடும். அரை முதல் முக்கால் படி குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மார்பின் பழுப்பே காணாமல் போகும். வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைத் திருத்தும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்தில் நிறுத்திவிட்டால் ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிடலாம். அழகான ஒரு படத்தை விட, குருவி சொறிந்துகொண்டிருக்கும்போது தொடர்ந்து எடுத்த பத்து மங்கல் படங்கள் பயன் தரும். அவற்றில் ஒன்றிலாவது கால் இருக்கும். குருவி பறக்கத் தயாராகும்போது முகத்தைக் குறிவைக்கும் பழக்கத்தை விட்டு, வயிற்றுக்குக் கீழே குவியத்தை வையுங்கள். கூட்டுக்கு அருகே படம் எடுக்கவே வேண்டாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பறவைகளைக் காக்கத்தான் இருக்கிறது. அதற்கு முன் நம் நிதானம் இருக்க வேண்டும்.

குறிப்பெழுதும்போது பெயரை மேலே எழுதாதீர்கள். பெயரை எழுதிவிட்டால் அதற்குப் பொருந்தும் அடையாளங்கள் மட்டுமே நினைவுக்கு வரும். நேரம், மரம், உயரம், வெளிச்சம் எந்தப் பக்கம், கால் தெரிந்ததா, தெரிந்தால் என்ன நிறம், கீழலகைப் பக்கவாட்டில் பார்த்தீர்களா, தாடைக்கோடு, வால், குரல் என்று எழுதி முடித்த பின் பெயருக்கு வாருங்கள். தெரியாததற்கு நேரே "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். கால் தெரியவில்லை, கீழலகு கீழிருந்து மட்டும் தெரிந்தது என்றால், பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் இணையத்தளத்தில் இனம் குறிக்காத ஈப்பிடிப்பான் என்ற பொதுப் பதிவு இருக்கிறது, அதையே தெரிவுசெய்யலாம். அது குறைந்த பதிவு அல்ல. திருகோணமலையில் பழுப்புமார்பு எத்தனை, பழுப்பு எத்தனை என்று பின்னால் ஒருவர் கணக்குப் பார்க்கும்போது, காலைப் பார்க்காமல் ஊகித்து எழுதிய பதிவுதான் அந்தக் கணக்கைக் கெடுக்கும்.

தேதியைத் தவறாமல் எழுதுங்கள், குறிப்பாக முதல் வரவும் கடைசிப் பார்வையும். வெள்ளை அரசவால் கடைசியாக உங்கள் வளவுக்கு வந்த நாள், வேப்பமரத்தில் பழுப்பு ஈப்பிடிப்பான் முதலில் குந்திய நாள் ஆகிய இரண்டையும் ஆண்டுதோறும் ஒரே மரத்தடியிலிருந்து எழுதி வைப்பவர் அந்த ஊரிலேயே இருப்பவராகத்தான் இருக்க முடியும். கொழும்பிலிருந்து ஒரு வார இறுதிக்கு வந்து போகிறவரால் அது ஆகாது.